துல்லியமானவர், ஆனால் அக்ஸோரியஸ்

என் மனைவி வீட்டில் இல்லாமல் இன்றோடு நூற்று முப்பத்தாறு நாள். பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். அங்கே மகள் வேலைக்குப் போகிறாள். அவளுடைய மாமியார் காலமான பிறகு பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ‘ரெண்டு மாசம்’ என்று சொல்லிப் போனவள். இரண்டு மாதம் அறுபது நாளில் முடிந்துவிட்டது. மிச்சம் எழுபத்தாறு நாளுக்குக் கணக்குச் சொல்ல யாரும் இல்லை.

அரிமளத்தில் எங்கள் வீட்டில் ஆறு ஜன்னல். படுக்கப் போகுமுன் ஆறையும் சாத்திவிட்டு, மறுபடி முதல் ஜன்னலிலிருந்து தொட்டுப் பார்க்கிறேன். கேஸ் அடுப்பின் திருகை மூன்று தரம். அவள் இருந்தபோதும் இப்படித்தான். அப்போது மூன்றாவது தரத்தில் “அது அணைஞ்சுதான் இருக்கு, வந்து படுங்க” என்று ஒரு குரல் வரும். இப்போது வராததால் நான்காவது தரமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு மகள் போன் செய்தாள்.

“அப்பா, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்குது. அம்மா இந்த வருசம் முழுக்க இங்கயே இருக்கட்டுமா? ஒழுங்காச் சொல்லுங்க. இல்லைன்னா நான் பிள்ளைகளுக்கு வேற ஏற்பாடு பண்ணணும்ல.”

“அம்மா என்ன சொல்றா?”

“‘ஒங்க அப்பா வரச் சொன்னா வாரேன், சொல்லலைன்னா இருக்கேன்’ங்கிறாங்க. நீங்க வாய் தொறந்து ஒரு வார்த்தை கேளுங்களேன்ப்பா.”

“அவ இஷ்டம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு நெடுநேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்துவிடு என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று யோசித்தால், நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலச் சொல்லில் போய் நிற்கிறது.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தைந்து. நான் நில அளவராக இருந்தேன். நிலங்களை மறுபடி அளந்து பதிவேடுகளைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அரிமளத்தில் வாடகை வீடு. அளக்க வேண்டிய கிராமம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக் காட்டுக்கும் தைலமரக் காட்டுக்கும் அப்பால். திங்கள் போனால் வெள்ளி வரை அந்தக் கிராமத்துச் சாவடியிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முகாம் என்று அதற்குப் பெயர். மற்ற மூன்று அளவர்கள் தங்கினார்கள். நான் மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

என்னுடைய செயின்மேனுக்கு, அதாவது அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் ஆளுக்கு, ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை போட்ட வாயோடு தினமும் ஒரே கேலி.

“சார் பெடலை மிதிச்சிட்டாருடோய். அங்க உலை கொதிச்சுரும்ல.”

“வாய மூடிட்டுச் சங்கிலியைச் சுருட்டுங்க.”

“நான் சுருட்டிட்டேன் சார். ஒங்களத்தான் அங்கிட்டு இருந்து யாரோ சுருட்டுறாக.”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மிதிப்பேன். போக ஐம்பத்திரண்டு நிமிடம். எதிர்காற்றென்றால் அறுபத்தைந்து.

நான் போனது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது. நாங்கள் அளந்த எண்களை எழுதும் புத்தகத்துக்கு ஃபீல்டு புக் என்று பெயர். வயலில் செயின்மேன் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வேன். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக அந்த முறை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் அதே முறையில் அவளும் நானும் உட்காருவோம். நான் வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். எட்டாவது வரை படித்தவள். ஆனால் ஒரு தரம் காதில் விழுந்த எண் அவளை விட்டுப் போகாது.

“வடக்குக் கல்லிலிருந்து முப்பத்தொண்ணு.”

“முப்பத்தெட்டு.”

“முப்பத்தொண்ணுன்னு இருக்கு.”

“நேத்து அந்தப் பக்கத்து வயலுக்கு இதே வரப்புல முப்பத்தெட்டுன்னீங்க. ஒரு வரப்பு ஒரு ராத்திரியில குட்டையாப் போகுமா?”

நேற்றைய பக்கத்தைத் திருப்பினால் முப்பத்தெட்டுதான் இருக்கும். மறுநாள் முதல் வேலையாக அந்த வரப்பை மீண்டும் அளப்பேன். இப்படி ஒரு மாதத்தில் ஐந்தாறு பிழை அவளிடம் மாட்டும். புத்தகத்தை மூடிய பிறகுதான் சாப்பாடு. சில நாள் எண்கள் முடிந்த பிறகும் நான் அந்த வயல்காரர் யார், வரப்பில் என்ன மரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் போகாத ஊர் அது. ஆனால் அந்த ஊரின் இருநூற்றுச் சொச்சம் வரப்புகளும் அவளுக்குத் தெரியும். என்னுடைய நில வரைபடங்கள் பிழையில்லாதவை என்று ஆபீசில் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் பாதி அவளுடையது. அரசாங்கத்துப் புத்தகத்தை வீட்டுப் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன் என்றால் வேலையே போய்விடும். அதனால் செயின்மேனின் கேலியை வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு மேலே புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். ஆங்கிலத்தில் ருசி உள்ளவர். குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போதும் ஆங்கில நாவல் படிப்பார். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு முகாமுக்கு வந்து பார்த்திருக்கிறார், நான் இல்லை. “அவரு வீட்டுக்குப் போயிட்டாருங்கய்யா, தினமும் போவாரு” என்று யாரோ உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரையும் பற்றி மேலதிகாரி ரகசியக் குறிப்பு எழுதுவார். அதில் குறை ஏதும் எழுதினால் மட்டும் அதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்து விளக்கம் கேட்பார்கள். எனக்கு வந்த தாளில் ஆங்கிலத்தில் ஒரே வரி: துல்லியமானவர், ஆனால் அக்ஸோரியஸ்.

ஆபீசில் ஒருவருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. தலைமை எழுத்தர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது, சீக்கா?”

“எக்ஸிமா மாதிரி இருக்கு சார். தோல் வியாதியா இருக்கும்” என்றார் பக்கத்து மேசைக்காரர், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டபடி.

“நான் எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத்தான் அடிச்சேன். என்னைக் கேக்காதீங்க” என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் புதுக்கோட்டை நூலகத்துக்குப் போனேன். இருப்பதிலேயே தடித்த அகராதியை எடுத்தேன். லத்தீனில் மனைவி என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. மனைவி மேல் அளவுக்கு மீறிப் பிரியம் உள்ளவன், அவளுக்கு அடங்கியவன் என்று பொருள் போட்டிருந்தது. அதற்கு நேர் மேலே, மனைவியைக் கொல்வதற்கு ஒரு சொல் இருந்தது. கொல்பவனுக்கும் விரும்புபவனுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் தூரம்.

செயின்மேனிடம் மட்டும் பொருளைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இதுக்கா ஒரு இங்கிலீசு? பொண்டாட்டிதாசன்னு எழுதியிருந்தா நூலகத்துக்குப் போற பஸ் மிச்சம்” என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் விடவில்லை. எங்கே பெரிய அகராதியைப் பார்த்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுவேன். இதுவரை ஏழு அகராதி. அது ஆங்கிலத்துக்குள் வந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த நாளிலிருந்து அது ஏசுவதற்கே பயன்பட்டிருக்கிறது. நல்ல வீரன், மனைவி பேச்சைக் கேட்டுக் கெட்டான்; நல்ல அரசன், மனைவியால் தெய்வத்தை மறந்தான் என்கிற மாதிரி இடங்களில்தான் வரும். பிறகு நாவல்காரர்கள் அதைச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘மனைவி சம்பந்தப்பட்ட’ என்று குற்றமில்லாமல் சொல்ல அதே வேரில் இன்னொரு சொல் இருக்கிறது. அதை யாரும் அதிகம் தொடுவதில்லை. அதைவிட வேடிக்கை, பழைய ரோமில் கல்யாணம் செய்துகொள்ளாத ஆண்களுக்கு ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த வரியின் பெயரும் இந்த வேரிலிருந்துதான். மனைவி இல்லை என்றால் அபராதம், இருந்து பிரியம் வைத்தால் ஏச்சு.

கணவன் மேல் அளவுக்கு மீறிப் பிரியம் உள்ள பெண்ணுக்கு என்ன சொல் என்றும் தேடினேன். ஒன்று இருக்கிறது. பழைய நாடகம் ஒன்றில் எவரோ கேலிக்காகக் கட்டியது. அதன்பின் அநேகமாக யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. அப்படி ஒரு சொல் தேவைப்படும் என்று நானூறு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

என்னை வதைத்தது அந்த ‘அளவுக்கு மீறி’தான். நான் அளவர். மீறியது என்றால் எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள்? எவ்வளவு வரை சரி, எங்கே எல்லை? வரப்பு ஒரு அடி தள்ளிப் போனால் காட்டுவதற்கு என்னிடம் படம் இருக்கிறது. இதற்கு எவனிடமும் படம் இல்லை. படம் இல்லாத நிலத்தில் ஒருவனை ஆக்கிரமிப்பாளன் என்று எழுதிவிட்டார்கள்.

விளக்கம் எழுதப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உண்மைக் காரணத்தை எழுதினால் குற்றம் பெரிதாகும். துல்லியம், அக்ஸோரியஸ் என்று அவர் எழுதிய இரண்டும் ஒரே காரியம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஐந்தாவது தாளில் இப்படி எழுதினேன்: என் மனைவி பயந்த சுபாவம் உள்ளவர், தனியாக இருக்க இயலாதவர், அதனால் வேறு வழியின்றி வீடு திரும்ப நேர்ந்தது, இனி முகாமில் தங்குவேன். ஒரு பக்கம் முழுக்கப் பொய். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“திங்கக்கிழமையிலேருந்து நான் அங்கதான் தங்கப் போறேன். வெள்ளிதான் வருவேன்.”

“ஏன், வேலை கூடிருச்சா?”

“ஆமா.”

“அப்ப புத்தகத்த யாரு பாக்குறது?”

“நானே பாத்துக்குவேன். நீ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதே. ஆளுக பேசுறாங்க.”

“என்ன பேசுறாக?”

“பேசுறாங்க, விடு.”

அவள் விட்டுவிட்டாள். நான் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்துவிடுவது அவள் வழக்கம். அதன்பின் எனக்காகக் காத்திருக்கவே இல்லை. முதல் வெள்ளிக்கிழமை வந்தபோது பைக்குள் புத்தகம் இருந்தது. “இன்னக்கி எத்தனை கல்லு?” என்று கேட்டாள். “ஒனக்கு எதுக்கு அது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் மறுபடி அதைக் கேட்கவில்லை.

சாவடியில் அரிக்கேன் விளக்கில் நானே வாசித்து நானே திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். தன் பிழை தன் காதுக்குக் கேட்பதில்லை. நான்காம் மாதம் ஒரு முந்திரிக் கொல்லையில் ஏழு லிங்க், ஏறத்தாழ நாலரை அடி, தவறிக் கல் நட்டோம். அந்தக் கொல்லைக்கார அம்மாள் பதினோரு மாதம் ஆபீசுக்கு நடந்து அதைத் திருத்த வைத்தாள். திருத்தி நட்ட அன்று என்னைப் பார்த்து, “எம்புட்டுப் படிச்சு என்ன சார், வீட்டுல ஒரு தரம் எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டுக் குறிப்பைப் பார்த்த தலைமை எழுத்தர் ரகசியமாக என்னை ஓரங்கட்டினார்.

“சந்தோசப்படுய்யா. அந்தச் சீக்கு வார்த்தை இல்ல.”

“வேற என்ன எழுதியிருக்காரு?”

“ஒண்ணும் இல்ல. துல்லியமானவர்னு இருந்துச்சுல்ல போன வருசம், அதையும் காணோம்.”

ஆய்வாளர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு வந்த எவரும் என்னைப் பற்றி அப்படி எழுதவில்லை. எழுதிவிடக் கூடாது என்று நானும் கவனமாகவே இருந்தேன். கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் உட்காரமாட்டேன். அவளுக்குப் பூ வாங்கினால் காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவேன். அவள் தாய் வீட்டுக்குப் போனால் எப்போது வருவாய் என்று கேட்கமாட்டேன். ஒரு பழக்கம் இருபது வருடம் நடந்தால் அதுவே குணமாகிவிடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு தினமும் வீட்டிலேயே இருந்தோம். அப்போதாவது மாற்றியிருக்கலாம். பதினைந்து வருடம் இருந்தது. மாற்றவில்லை.

மகள் போனில் பேசிய பிறகு பரணிலிருந்து என் பழைய டைரிகளை இறக்கினேன். எந்த நாள் எந்த ஊரில் தங்கினேன் என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினேன். ஆயிரத்து நூற்று இருபத்தாறு இரவு வெளியில் தங்கியிருக்கிறேன். அவற்றில் எத்தனை கட்டாயம், எத்தனை அந்தச் சொல்லுக்குப் பயந்து தங்கியது என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டாம் முறை கூட்டியபோது மூன்று கூடுதலாக வந்தது. எது சரி என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

இப்போதெல்லாம் அந்தச் சொல்லை ஆங்கிலப் பத்திரிகைகளில் இரங்கல் குறிப்புகளில் பார்க்கிறேன். இன்னார் கடைசிவரை அக்ஸோரியஸாக இருந்தார் என்று அன்போடு எழுதுகிறார்கள். நானூறு வருடம் ஏச்சாக இருந்தது மெல்ல மெல்லப் பாராட்டாகிக்கொண்டிருக்கிறது. செத்த பிறகு அந்தப் பாராட்டை யார் வாங்கிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை ஒன்பது பத்துக்கு அவளுக்குப் போன் செய்தேன். அதற்கு முன்னால் அவள் ஏன் வர வேண்டும் என்பதற்குக் காரணங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்பது காரணம்.

“என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. மோட்டார் சுவிட்ச் ஷாக் அடிக்குது.”

“எலக்ட்ரீசியனக் கூப்புடுங்க.”

“கேஸ் பதிவு பண்ணா ஓடிபி கேக்குது.”

“எதிர் வீட்டுப் பொண்ணுகிட்டக் காட்டுங்க, அது போட்டுத் தரும்.”

“ரேஷன் கடையில நீயும் கைரேகை வைக்கணுமாம்.”

“ஒருத்தர் வச்சாப் போதும். போன மாசம் யாரு வச்சது?”

ஒன்பதும் முடிந்தது. ஒன்பதுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள். அந்தப் பக்கம் குக்கர் மூன்று விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “இருக்கீங்களா?” என்றாள்.

“நீ இல்லாம இருக்க முடியல. வந்துரு.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இதையும் எழுதி வச்சுத்தான் படிக்கிறீங்களா?”

“இல்ல. இது தாள்ல இல்ல.”

“அன்னக்கி ஆளுக பேசுறாகன்னு சொன்னீங்களே. என்னதான் பேசுனாக?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

“ஒன் மேல எனக்கு ரொம்பப் பிரியம்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க.”

“பொய்யா எழுதுனாக?”

“இல்ல.”

“அப்பறம் என்ன?”

“பதிலுக்கு நான்தான் பொய் எழுதிக் குடுத்தேன். நீ பயந்தவ, தனியா இருக்கமாட்டேன்னு.”

“நானா?” அவள் குரல் ஏறியது. “அடுப்படிக்குள்ள பாம்பு வந்தப்ப ஸ்டூல் மேல ஏறி நின்னது யாரு? கம்பெடுத்தது யாரு?”

“நீதான் எடுத்தே.”

“அத எழுதினீங்களா?”

“எழுதல.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னாள்:

“போன்ல கேட்டதெல்லாம் கணக்குல இல்ல. இங்க வாங்க. மக முன்னாடி, மருமகன் முன்னாடி வச்சுக் கேளுங்க. அப்பறம் நான் யோசிக்கிறேன்.”

“யோசிக்கிறதா?”

“ஆமா. நாப்பத்திரண்டு வருசம் நீங்க யோசிச்சீகள்ல?” வைத்துவிட்டாள்.

மதியம் வெள்ளைச் சட்டை இரண்டை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். இஸ்திரிக்காரர் துணியிலிருந்து தலை தூக்கினார்.

“என்ன சார், வெள்ளைச் சட்டை? எங்கயும் கல்யாணமா?”

மகளைப் பார்க்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எப்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“இல்ல. திருப்பூர் போறேன். என் வீட்டுக்காரியக் கூப்பிட.”

“அக்காவே வர மாட்டாகளா? பஸ் நெறைய இருக்கே.”

“வர மாட்டாளாம். நான் போய்க் கேக்கணுமாம்.”

நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், “இந்த வயசுல கோவிச்சுக்கிட்டா போனாக?” என்றார்.

“இல்லண்ணே. நான்தான் இங்க இருந்துக்கிட்டே கோவிச்ச மாதிரி இருந்துட்டேன்.”

“சார் துணிய மொதல்ல தேச்சுக் குடுப்பா” என்றார் அவர். “அவுக மனசு மாறுறதுக்குள்ள போகட்டும்.”

நாளை காலை கிளம்புகிறேன். புதுக்கோட்டை போய், திருச்சி மாறி, திருப்பூர். மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மகள் ஐந்தரைக்கு வருவாள். மருமகன் வர ஏழு ஆகும். மூன்றிலிருந்து ஏழு வரை, பேரப்பிள்ளைகள் நடுவே, நானும் அவளும் அந்த வீட்டில் இருப்போம். அந்த நான்கு மணி நேரமும் என்ன பேசுவது என்று நான் எழுதி வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஏழு மணிக்கு எல்லோரும் வந்த பிறகு, அவள் சொன்னபடியே, அவர்கள் முன்னால் கேட்பேன்.